காப்பரா அலுமினியமா என்பது இரண்டாவது கேள்வி

கேள்வி: புதுவயலில் எங்களுக்கு ரைஸ் மில் இருக்கிறது. டிரையரும் கலர் சார்ட்டரும் புதிதாகப் போடுவதால் மொத்த லோடு 220 எச்.பி. ஆகிறது. எச்.டி. (உயர் அழுத்த) சர்வீஸுக்கு மாற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். 250 கேவிஏ டிரான்ஸ்பார்மருக்கு மூன்று கொட்டேஷன் வாங்கியிருக்கிறேன். முதலாவது காப்பர் வைண்டிங் (உள்ளே சுற்றும் கம்பிச் சுருள்), விலை கூடுதல். இரண்டாவது அலுமினியம், விலை குறைவு. மூன்றாவது காப்பர்தான் என்கிறார்கள், ஆனால் அலுமினியத்தைவிடவும் மலிவு. அது ஒரு சிறிய பட்டறையில் செய்வது. பக்கத்து மில்காரர்கள் எல்லோரும் 'அலுமினியம் பக்கமே போகாதே' என்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: முதலில் அளவு. 220 எச்.பி. என்பது 164 கிலோவாட். எல்.டி. (தாழ் அழுத்த) சர்வீஸின் உச்ச வரம்பை அது தாண்டிவிடுவதால் எச்.டி.தான், அதில் சந்தேகமில்லை. மோட்டார் இழப்பையும் பவர் பேக்டரையும் சேர்த்துப் பார்த்தால், எல்லாமே ஒரே நேரத்தில் ஓடினாலும் 200 கேவிஏ-வை ஒட்டித்தான் வரும். 250 போதும். யாராவது 400 போடச் சொன்னால் கேட்காதீர்கள். கொட்டேஷனை முடிவு செய்யும் முன் உங்கள் ஊருக்கு வரும் லைன் 11 கேவியா 22 கேவியா என்று மின்வாரிய அலுவலகத்தில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அது தெரியாமல் ஆர்டர் கொடுத்து முழித்தவர்கள் உண்டு.

இனி காப்பர், அலுமினியம். நம் பக்கத்தில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நான் இதை இரண்டாவதாகத்தான் வைப்பேன். டிரான்ஸ்பார்மரின் ஆயுளையும் உங்கள் கரண்ட் பில்லையும் அதிகமாகத் தீர்மானிப்பவை வேறு இரண்டு: உள்ளே காந்தம் ஓடும் இரும்புச் சட்டமான கோரின் தகடு எங்கிருந்து வந்தது, காயிலில், அதாவது வைண்டிங்கில், சுற்றிய காகிதம் எவ்வளவு காய்ந்தது. இரண்டுமே டேங்கை மூடிய பிறகு கண்ணுக்குத் தெரியாது. கொட்டேஷனிலும் பெரிதாக எழுத மாட்டார்கள்.

கோரை எடுத்துக்கொள்வோம். இது சாதாரண இரும்பு இல்லை. சுமார் 3 சதவிகிதம் சிலிக்கான் சேர்த்த எஃகு, தகட்டின் கனம் 0.23 முதல் 0.30 மில்லிமீட்டர்தான். உருட்டியும் சூடாக்கியும், உள்ளே இருக்கும் படிகங்கள் எல்லாம் ஒரே திசையில் படுக்கும்படி செய்கிறார்கள். நார்மன் காஸ் என்ற அமெரிக்கர் 1934இல் இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார், இன்றுவரை உலகம் முழுக்க அதன் வழிதான். சி.ஆர்.ஜி.ஓ. (கோல்ட் ரோல்டு கிரெய்ன் ஓரியன்டட்) என்று கொட்டேஷனில் போடுவது இதைத்தான். இந்தத் திசையோட்டம் தேக்குப் பலகையின் நாரோட்டம் மாதிரி. செட்டிநாட்டு வீடுகளில் நிலைக்கதவு செய்த ஆசாரிகள் பர்மா தேக்கை எந்தப் பக்கமாக இழைக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். இங்கேயும் காந்தம் அந்த ஓட்டத்தோடு போனால் மின்சார நஷ்டம் குறைவு, குறுக்கே போனால் பல மடங்கு. அதனால்தான் மூலைகளில் தகட்டை 45 டிகிரியில் சாய்த்து வெட்டிச் சேர்க்கிறார்கள். நல்ல தொழிற்சாலையில் அந்த மூட்டுகளையும் ஒரே இடத்தில் வைக்காமல் படிப்படியாகத் தள்ளித் தள்ளி அடுக்குவார்கள்.

ஒவ்வொரு தகட்டின் மேலும் சில மைக்ரான் கனத்தில் மின்சாரம் கடத்தாத பூச்சு இருக்கும். தகட்டுக்குத் தகடு கரண்ட் பாயாமல் தடுப்பது அதுதான். வெட்டும் கத்தி மழுங்கினால் ஓரத்தில் பிசிறு நிற்கும். அந்தப் பிசிறு அடுத்த தகட்டைத் தொட்டுக்கொண்டு சுழல் மின்னோட்டத்துக்கு வழி விடும், அந்த இடம் சூடாகும். பிசிறு 20 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். தகட்டின் ஓரத்தில் விரலால் தடவினாலே நல்ல வெட்டும் மோசமான வெட்டும் தெரிந்துவிடும், கை கிழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுக்கும்போது இரும்புச் சுத்தியலால் தட்டினாலும் தகடு கெடும். வளைத்தாலும் இடித்தாலும் படிக ஓட்டம் கலைந்து நஷ்டம் ஏறும்.

மூன்றாவது கொட்டேஷன் எனக்கு உறுத்துவது இங்கேதான். காப்பர் விலை எல்லோருக்கும் ஒன்றுதான். அலுமினியத்தைவிட மலிவாகக் காப்பர் டிரான்ஸ்பார்மர் தர வேண்டும் என்றால் வேறு எங்கோ குறைத்திருக்க வேண்டும். பெரும்பாலும் அது கோரில்தான் இருக்கும். சி.ஆர்.ஜி.ஓ. தகட்டின் பெரும்பகுதி நமக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறது, விலை அதிகம். ஆகவே பழைய டிரான்ஸ்பார்மர்களைப் பிரித்து எடுத்த தகட்டை மறுபடி வெட்டிப் போடும் வழக்கம் சந்தையில் இருக்கிறது. அந்தத் தகடு ஏற்கெனவே பல ஆண்டு சூட்டில் இருந்தது, பிரிக்கும்போது வளைந்தது, பூச்சு உரிந்தது. பெயர் சி.ஆர்.ஜி.ஓ.தான், பொய்யில்லை. நஷ்டம் மட்டும் புதுத் தகட்டைவிட மிகக் கூடுதலாக இருக்கும். மூடுவதற்கு முன் கோரைப் பார்த்தால் கண்டுபிடிக்கலாம். அடுக்கின் ஓரம் முழுக்க ஒரே சாம்பல் நிறமாக, ஒரே அகலமாக இருக்கிறதா? அங்கங்கே துருப் புள்ளி, நிற வேறுபாடு, எதற்கும் பயன்படாத பழைய போல்ட் துளை இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். தகட்டை விற்ற ஆலையின் டெஸ்ட் சர்டிபிகேட், தகட்டுச் சுருளின் நம்பரோடு, கேட்டு வாங்குங்கள். புதுத் தகடு போடுபவர் தயங்காமல் காட்டுவார்.

இது ஏன் உங்கள் பாக்கெட்டைத் தொடும்? எல்.டி. சர்வீஸில் டிரான்ஸ்பார்மர் மின்வாரியத்துடையது, அதன் நஷ்டமும் அவர்களுடையது. எச்.டி.யில் மீட்டர் எச்.டி. பக்கம் உட்காரும், ஆகவே டிரான்ஸ்பார்மர் தின்னும் ஒவ்வொரு யூனிட்டும் உங்கள் பில்லில் வரும். கோரின் நஷ்டம், அதாவது நோ லோட் லாஸ், மில் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு 8,760 மணி நேரமும் போய்க்கொண்டே இருக்கும். இரண்டு டிரான்ஸ்பார்மருக்கும் வித்தியாசம் வெறும் 250 வாட் என்றால்கூட ஆண்டுக்கு 2,190 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்று வைத்தால் 15,330 ரூபாய். 25 ஆண்டுக்குக் கணக்குப் போடுங்கள், மூன்றே முக்கால் லட்சத்தைத் தாண்டும். வைண்டிங்கில் வரும் நஷ்டம் அப்படியில்லை. அது லோடின் வர்க்கத்தைப் பொறுத்தது, பாதி லோடில் நான்கில் ஒரு பங்குதான். நெல் வரத்து இல்லாத மாதங்களில் பாதிக்கும் கீழே ஓடும் மில்லுக்கு நோ லோட் லாஸ்தான் முக்கியம்.

இந்தக் கணக்கால்தான் அமார்ஃபஸ் கோர் என்று ஒன்று பேசப்படுகிறது. உருகிய உலோகத்தை நொடிக்குப் பத்து லட்சம் டிகிரி வேகத்தில் குளிர வைத்து, படிகமே உருவாகாமல் 25 மைக்ரான் நாடாவாக எடுப்பது அது. நோ லோட் லாஸ் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். ஆனால் நாடா நொறுங்கும் தன்மை கொண்டது. கொஞ்சம் காந்தத்திலேயே நிரம்பிவிடுவதால் கோர் பெரிதாகும். நம் பக்கத்துப் பட்டறைகளில் ரிப்பேர் செய்யவும் ஆள் கிடைப்பது சிரமம். உங்கள் மில்லுக்கு நல்ல சி.ஆர்.ஜி.ஓ. போதும் என்பது என் கருத்து.

சரி, இப்போது அலுமினியம். அதன் கடத்துதிறன் காப்பரில் 61 சதவிகிதம். அதே நஷ்டம் வர வேண்டும் என்றால் கம்பியின் குறுக்களவு 1.6 மடங்கு வேண்டும். அப்படிப் போட்டாலும் எடை காப்பரில் பாதிதான் வரும், ஏனென்றால் அலுமினியம் அவ்வளவு லேசு. காயில் பெரிதாவதால் கோரும் டேங்கும் ஆயிலும் கொஞ்சம் கூடும். இதையெல்லாம் கணக்கில் எடுத்துச் செய்த அலுமினிய டிரான்ஸ்பார்மர், அதே நஷ்ட அளவுள்ள காப்பருக்குக் குறைந்ததில்லை. கம்பத்தில் ஏற்றும் சிறு டிரான்ஸ்பார்மர்களில் கணிசமானவை அலுமினியம்தான்.

ஆனால் பக்கத்து மில்காரர்களின் பயத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. அலுமினியம் எரிவது பெரும்பாலும் காயிலின் நடுவில் அல்ல, மூட்டில். காற்றுப் பட்டதுமே அதன் மேல் ஆக்சைடு படலம் வந்துவிடும், அது கரண்டைத் தடுக்கும். காப்பரோடு நேரடியாகப் போல்ட் போட்டு ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும். காரைக்குடியில் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருப்பதால் இந்த ஊர்க்காரர்களுக்கு அரிமானம் என்பது தெரிந்த சங்கதி. எனவே உள்ளே மூட்டுகளை முறையாக வெல்டு செய்திருக்கிறார்களா, வெளியே எல்.டி. புஷ்ஷிங்கில் (டேங்குக்கு வெளியே கம்பி வரும் முனை) உங்கள் அலுமினியக் கேபிள் சேரும் இடத்தில் பைமெட்டல் லக் (ஒரு பக்கம் காப்பர், மறுபக்கம் அலுமினியமாக உள்ள இணைப்பு) இருக்கிறதா என்று பாருங்கள். எல்.டி. பக்கம் கம்பிக்குப் பதில் மெல்லிய தகட்டைச் சுற்றும் ஃபாயில் வைண்டிங் போட்டிருந்தால் இன்னும் நல்லது. ஷார்ட் சர்க்யூட் ஆகும்போது காயில் மேலும் கீழும் இழுபடுவது அதில் குறையும்.

ஒரு எச்சரிக்கை. புஷ்ஷிங்கில் காப்பர் அல்லது பித்தளைக் கம்பி தெரிகிறது என்பதால் உள்ளே காப்பர் என்று நம்பிவிடாதீர்கள். அலுமினிய வைண்டிங்குக்கும் வெளியே அதுதான் இருக்கும். ரெசிஸ்டன்ஸ் அளந்தும் தெரியாது, குறுக்களவை மாற்றி ஈடுகட்டியிருப்பார்கள். மூடுவதற்கு முன் காயில் முனையின் காகிதத்தைக் கொஞ்சம் உரித்துச் சுரண்டிப் பார்ப்பதுதான் வழி. அப்புறம் காயிலின் எடையை எழுதித் தரச் சொல்லுங்கள்.

காகிதம்தான் நான் அதிகம் வற்புறுத்துவது. காயிலில் சுற்றுவது கிராஃப்ட் பேப்பர், இடையில் தாங்கல் கொடுப்பது பிரஸ்போர்டு. இரண்டும் மர நார். சாதாரணக் காற்றில் கிடக்கும் காகிதத்தில் எடையில் 6 முதல் 8 சதவிகிதம் வரை தண்ணீர் இருக்கும். டிரான்ஸ்பார்மருக்குள் அது 0.5 சதவிகிதத்துக்குக் கீழே வர வேண்டும். கோரும் காயிலுமாகச் சேர்த்து 100 டிகிரிக்கு மேல் சூடான ஓவனில் வைத்து, வாக்குவம் இழுத்துக் காய வைப்பார்கள். காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? மணிக்கொரு தரம் மெக்கர் (காகிதம் கரண்டை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் கருவி) ரீடிங் எடுப்பார்கள். சூடேறும்போது ரீடிங் முதலில் விழும். ஈரம் வெளியேற வெளியேற ஏறும். ஏறி ஏறி ஒரு மட்டத்தில் நின்று, பல மணி நேரம் அசையாமல் இருந்தால்தான் வேலை முடிந்தது. அவசரப்படுபவர்கள் ஏறத் தொடங்கியதுமே வெளியே எடுத்துவிடுவார்கள். அந்த ரீடிங் எழுதிய தாளை உங்களுக்கு ஒரு நகல் தரச் சொல்லுங்கள். அது இல்லாத பட்டறையில் வாங்க வேண்டாம்.

காய்ந்த காகிதம் சுருங்கும், காயிலின் உயரமும் சில மில்லிமீட்டர் இறங்கும். ஓவனிலிருந்து எடுத்ததும் மேலே உள்ள நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். இந்த ஒரு வேலையை விட்டுவிட்டால் காயில் தளர்ந்து நிற்கும், மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் அதிர்ந்து காகிதம் தேயும். மில்லில் 50 எச்.பி. மோட்டார் நாள் முழுக்க நின்று நின்று ஓடுகிறது என்றால் யோசித்துப் பாருங்கள்.

'அதனால் என்ன, பிறகு ஆயிலை பில்டர் செய்துகொள்ளலாம்' என்று சொல்வார்கள். ஆகாது. டிரான்ஸ்பார்மருக்குள் இருக்கும் தண்ணீரில் ஏறக்குறைய எல்லாமே காகிதத்தில்தான் ஒளிந்திருக்கும், ஆயிலில் இருப்பது சொற்பம். ஆயிலைச் சுத்தம் செய்தால் பிரேக்டவுன் டெஸ்டில் (ஆயில் எவ்வளவு வோல்டேஜ் தாங்கும் என்ற சோதனை) நல்ல நம்பர் வரும், சில வாரத்தில் காகிதத்திலிருந்து ஈரம் கசிந்து மறுபடி இறங்கும். சூட்டுக்கும் இதே காகிதம்தான் பலியாகிறது. சராசரியாக 6 முதல் 8 டிகிரி கூடினால் காகிதத்தின் ஆயுள் பாதியாகும். கெட்ட ஆயிலை மாற்றலாம், வெந்துபோன காகிதத்தை மாற்ற முடியாது. சித்திரை வெயிலில் ரேடியேட்டர் தகடுகளில் தவிடும் தூசியும் அப்பிக்கொள்ளாமல் துடைப்பது இதற்காகத்தான். உமி குவிக்கும் இடத்திலிருந்து டிரான்ஸ்பார்மர் யார்டைத் தள்ளி வையுங்கள். சாதாரண மினரல் ஆயில் 140 டிகிரியை ஒட்டித் தீப்பிடிக்கும் ஆவியை விட ஆரம்பிக்கும். இடமே இல்லை என்றால் எஸ்டர் ஆயில் கேளுங்கள். 300 டிகிரிக்கு மேல்தான் அது எரியும், விலை கூடுதல். (கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டை ஹோட்டலாக்கும் ஒருவரும் இதைக் கேட்டிருந்தார். கட்டடத்துக்குள் வைப்பதென்றால் ஆயிலே வேண்டாம், ரெசினில் வார்த்த ட்ரை டைப்தான்.)

ஆகவே நான் செய்யச் சொல்வது இது. மூன்று பேரிடமும் ஐ.எஸ். 1180 ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். 2,500 கேவிஏ வரைக்கும் அது கட்டாயம். இல்லை என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். இருப்பவர்களிடம், நோ லோட் லாஸ் எத்தனை வாட், முழு லோடில் லாஸ் எத்தனை வாட் என்று எழுதி வாங்கி, மீறினால் வாட்டுக்கு இவ்வளவு பிடித்தம் என்று ஆர்டரிலேயே போடுங்கள். டேங்க் மூடும் நாளும் டெஸ்ட் நாளும் நீங்களே போய் நில்லுங்கள், கூட ஒரு எலக்ட்ரீஷியனை அழைத்துப்போங்கள். டெஸ்டில் வோல்டேஜை 112.5 சதவிகிதத்துக்கு ஏற்றி நோ லோட் கரண்டைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே கரண்ட் எகிறினால் கோரில் இரும்பைக் குறைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். கலர் சார்ட்டரும் டிரைவ் (வேகம் மாற்றும் கருவி) போட்ட மோட்டார்களும் எத்தனை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவற்றின் ஹார்மோனிக்ஸ் (கரண்ட் அலையில் வரும் கோணல்) வைண்டிங்கைக் கூடுதலாகச் சூடாக்கும்.

முதல் இரண்டு கொட்டேஷனிலும் இந்த நிபந்தனைகளுக்கு ஒப்புக்கொண்டு, இரண்டின் நஷ்டமும் ஒன்றாக இருந்தால், தாராளமாக அலுமினியத்தை வாங்கலாம். யார்டில் இடம் நெருக்கடி, அல்லது அடிக்கடி லைன் ஃபால்ட் வரும் ஃபீடர் என்றால் கூடுதல் பணம் போட்டுக் காப்பர். மூன்றாவதை, கோரையும் ஓவன் ரீடிங்கையும் கண்ணால் பார்க்காமல், எந்த விலைக்கும் வேண்டாம்.

வந்து இறங்கியதும் ஆயில் மட்டம், கசிவு, மெக்கர் மூன்றையும் பாருங்கள். மின் ஆய்வாளர் அனுமதி கிடைத்த பிறகுதான் சார்ஜ் செய்ய (கரண்ட் கொடுக்க) வேண்டும். சீசன் இல்லாதபோது நோ லோட் லாஸை மிச்சம் பிடிக்க ஆஃப் செய்து வைக்கலாம் என்று தோன்றும். செய்யலாம், ஆனால் குளிர்ந்து கிடக்கும் டிரான்ஸ்பார்மர் மழை மாதங்களில் பிரீதர் (காற்று போய்வரும், சிலிகா ஜெல் வைத்த குழாய்) வழியாக ஈரத்தை இழுக்கும். சிலிகா ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்புக்கோ, புது வகையென்றால் ஆரஞ்சிலிருந்து பச்சைக்கோ மாறியிருந்தால் உடனே மாற்றுங்கள். மறுபடி ஆன் செய்யும் முன் ஆயிலின் பிரேக்டவுன் வோல்டேஜும் மெக்கரும் எடுத்து, முதல் நாள் எழுதி வைத்த ரீடிங்கோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஹேண்டிலைத் தூக்குங்கள்.