இளவயது வலியும் உழைப்பாளியின் இடுப்பும்: கேள்வி பதில்

உடலுழைப்புத் தொழிலாளர்களின் முதுகுவலிக்குச் சிகிச்சை அளித்துவரும் பிசியோதெரபிஸ்ட் பதில் சொல்கிறார்.

என் மகனுக்கு 16 வயது. மூன்று மாதமாக இடுப்பு வலிக்கிறது என்கிறான். வளரும் வயது, தானாகப் போய்விடும் என்கிறார்கள். விட்டுவிடலாமா?

விட்டுவிடாதீர்கள் அம்மா. டென்மார்க்கில் 12 முதல் 22 வயது வரையிலான சுமார் 9,600 இரட்டையர்களிடம் 1994இல் விசாரித்து, எட்டு ஆண்டுகள் கழித்து மறுபடியும் விசாரித்தார்கள். இளமையில் இடுப்பு வலி இருந்தவர்களிடமே பின்னாளிலும் வலி அதிகம் காணப்பட்டது. அதிலும், அன்று எத்தனை நாள் வலித்ததோ அதற்கேற்பப் பின்னாளில் வலி இருக்கும் வாய்ப்பும் கூடியிருந்தது. ஆகவே மகனிடம் நாள் கணக்கு கேளுங்கள். தூக்கம் கெடுகிறதா, தலைவலியும் சேர்ந்து வருகிறதா என்றும் கேளுங்கள். பின்பக்கம் வளையும்போது வலி கூடினால் மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த வயதில் முள்ளெலும்பில் நுண்ணிய விரிசல் விழுவதுண்டு.

34 வயது, மூட்டை தூக்கும் வேலை. பள்ளிக்கூட நாளிலேயே வலி இருந்தது என்று சொல்லிவிட்டேன். 'அப்படியானால் வேலையால் வந்ததல்ல' என்கிறார் முதலாளி. சரியா?

சரியல்ல. இந்த வாதத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. கனத்த சுமை, குனிந்து திரும்புவது, வண்டி அதிர்வு ஆகியவை தம்மளவிலேயே முதுகுவலியோடு தொடர்புள்ளவை. பழைய வலி இருந்தவருக்குச் சுமையை இன்னும் குறைக்க வேண்டும் என்பதுதான் நியாயமான முடிவு. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் கணக்கில், எல்லாம் சாதகமாக இருக்கும்போதே ஒருவர் தூக்கத்தக்க எடை 23 கிலோ. சுமை உடலைவிட்டுத் தள்ளியிருந்தாலோ தரையிலிருந்து எடுக்க வேண்டியிருந்தாலோ அந்த அளவு இறங்கும்.

ஒரு கொத்தனாரிடம் கலவைச் சட்டியை எடுத்துக் காட்டச் சொன்னேன். குனியும் முன்பே இடது உள்ளங்கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு, மூச்சை அடக்கி, ஒற்றைக் கையால் தூக்கினார். எப்போதிலிருந்து இப்படி என்றேன். சற்று யோசித்து, "பதினான்கு வயதிலிருந்து" என்றார். அவருக்கு அப்போது நாற்பது வயது. அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை.

28 வயதிலேயே ஸ்கேனில் 'டிஸ்க் தேய்மானம்' என்று வந்துவிட்டது. இனி உழைக்க முடியாதா?

முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருப்பதுதான் டிஸ்க். 'தேய்மானம்' என்ற அந்தச் சொல் பலரை வீணாக முடக்கிப்போடுகிறது. வலியே இல்லாத 20 வயதினரை ஸ்கேன் செய்தாலும் நூற்றில் சுமார் 37 பேருக்கு இது தெரிகிறது. 50 வயதில் 80 பேருக்கு. படத்தை மட்டும் வைத்து வேலையை விடாதீர்கள்.

பெல்ட் கட்டினால் வலி வராதா?

வராமல் தடுக்கும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. பணம் இருந்தால் தள்ளுவண்டி வாங்குங்கள்.

எனக்கு 19 வயது. அடிக்கடி முதுகு வலித்திருக்கிறது. அடுத்த வாரம் கிடங்கு வேலையில் சேர்கிறேன். என்ன செய்வது?

தம்பி, பழைய வலி இருந்ததாலேயே உன் முதுகு கெட்டுவிடும் என்று எண்ணாதே. அது எச்சரிக்கை மட்டும்தான். முதல் சில வாரங்கள் சுமையைப் படிப்படியாகக் கூட்டித் தரும்படி மேற்பார்வையாளரிடம் கேள். வலித்தால் நாள்கணக்கில் படுத்துக் கிடக்காதே. முடிந்த அளவு நட. வலி அடங்கிய பிறகும் உடற்பயிற்சியை விடாதே. ஆனால் கால் பலமிழந்தாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுக்குள் நிற்காவிட்டாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போ; வேலை முடியட்டும் என்று காத்திருக்காதே.