மனநோய் சர்வேயை நம்பலாமா?

கேள்வி: டாக்டர் இல்லாத ஆளுங்க வந்து கேள்வி கேட்டுட்டு போறாங்க, அத வச்சு இத்தனை பேருக்கு டிப்ரஷன்னு சொல்றது சரியா?

பதில்: நல்ல சந்தேகம். இதுக்காகத்தான் சர்வே முடிஞ்சதும் கொஞ்சம் பேரை மட்டும் தனியா எடுத்து மனநல நிபுணர் மறுபடி விரிவா பேசுவார், முதல் ரிசல்ட் என்னன்னு அவருக்கு சொல்லவே கூடாது, தெரிஞ்சா மனசு அந்தப் பக்கம் சாயும் இல்லையா. ரெண்டும் எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு கப்பான்னு ஒரு கணக்கு, 1 வந்தா முழுப் பொருத்தம், 0ன்னா வெறும் தற்செயல். அமெரிக்காவுல பால்டிமோர்ல இப்படி ஒப்பிட்டு 1985ல வெளியிட்டப்போ நிறைய நோய்கள்ல பொருத்தம் ரொம்ப கம்மி. "யாரும் இல்லாதப்போ குரல் கேக்குதா"ன்னு சர்வேல கேட்டா பக்கத்து வீட்டு சத்தத்தை நினைச்சு ஆமான்னு சொல்றவங்க உண்டு, நிபுணர்னா எப்போ, என்ன குரல்னு துருவித் துருவி கேப்பார். ஆனா வெக்கப்பட்டு மறைக்கிறவங்க அவர்கிட்டயும் மறைக்கலாம். மறுபரிசோதனையே இல்லாத சர்வேன்னா அந்த சதவீதத்தை நான் நம்பமாட்டேன்.