எலும்பு முறியவில்லை, பிறகு ஏன் காலை எடுக்க வேண்டும்?

கேள்வி: எங்கள் வீட்டுக் கன்னி இன நாய்க்கு மூன்று வயது. ஐந்து வாரத்துக்கு முன்னால் உசிலம்பட்டி பக்கம் தேனி ரோட்டில் வேன் அடித்துவிட்டது. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. ஆனால் இடது முன்னங்கால் துவண்டு தொங்குகிறது, இழுத்துக்கொண்டே நடக்கிறான். தோள்பட்டையோடு எடுத்துவிட வேண்டும் என்கிறார் டாக்டர். எலும்புதான் நன்றாக இருக்கிறதே, புத்தூர் கட்டு போட்டுப் பார்ப்போம் என்கிறார் அம்மா. மூன்று காலோடு அவன் படுகிற பாட்டுக்கு ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்கிறார் அப்பா. காலை எடுத்தால் வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

பதில்: அம்மாவின் சந்தேகம் நியாயமானது. ஆனால் இங்கே அடி பட்டிருப்பது எலும்பில் இல்லை, நரம்பில். முன்னங்காலை இயக்கும் நரம்புகள் கழுத்தின் அடியில், தண்டுவடத்திலிருந்து கொத்தாகக் கிளம்பித் தோள்பட்டைக்கு உள்பக்கமாகக் காலுக்கு இறங்குகின்றன. வண்டி இடித்துக் கால் உடம்பை விட்டு விலகி இழுபடும்போது இந்த நரம்புகள் வேரோடு பிய்ந்துவிடலாம். அப்படிப் பிய்ந்த வேர் மறுபடி ஒட்டுவதில்லை. எந்தக் கட்டு போட்டாலும் பயன் இல்லை.

வீட்டிலேயே சிலவற்றைக் கவனிக்கலாம். நடக்கும்போது பாதம் மடங்கி, அதன் மேல்பக்கம் தரையில் உரசுகிறதா? இடது கண்ணின் பாப்பா மற்றதைவிடச் சின்னதாக, இமை சற்றுத் தொங்கினாற்போல் இருக்கிறதா? காலில் அடிபட்ட நாய்க்குக் கண்ணைப் பார்ப்பானேன் என்று தோன்றும். கண்ணுக்குப் போகும் ஒரு நரம்புப் பாதையும் அதே இடத்திலிருந்துதான் கிளம்புகிறது. கண் மாறியிருந்தால் நரம்பு வேரிலேயே சேதம் என்று அர்த்தம். அப்புறம், டாக்டர் இடுக்கியால் விரலை அழுத்தியபோது அவன் என்ன செய்தான்? காலை இழுத்துக்கொண்டால் மட்டும் போதாது. திரும்பிப் பார்க்க வேண்டும், முனக வேண்டும், கடிக்க வர வேண்டும். வலி தெரிந்தால் சில மாதம் பொறுத்துப் பார்க்கலாம். ஐந்து வாரம் ஆகியும் ஒன்றுமே தெரியவில்லை என்றால், உங்கள் டாக்டர் சொல்வதுதான் சரி. மனம் ஒப்பவில்லையா? மதுரை தல்லாகுளம் அரசு கால்நடை மருத்துவமனையிலோ, தேனி, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலோ இன்னொரு முறை காட்டுங்கள். தள்ளிப்போட மட்டும் வேண்டாம். உணர்ச்சியில்லாத பாதம் தேய்ந்து புண்ணாகும், ஈ மொய்த்துப் புழு வைக்கும். சில நாய்கள் தங்கள் விரலையே கடித்துத் தின்றுவிடும்.

பாதியோடு நிறுத்தக் கூடாதா, செயற்கைக் கால் வைக்கலாமே என்றும் கேட்பார்கள். செயற்கைக் காலை அசைக்கத் தோளில் சதை வேலை செய்ய வேண்டும். அவனுக்கு அதுதான் செத்துவிட்டது. மிச்சம் விட்ட துண்டு எல்லாவற்றிலும் இடித்துப் புண்ணாவதுதான் மிச்சம்.

அப்பாவுக்கு ஒன்று சொல்லலாம். மற்ற மூன்று கால்களும் முதுகும் சரியாக இருக்கிற, ஒல்லியான, இளவயது நாய் மூன்று காலில் நன்றாகவே வாழும். அவன் ஐந்து வாரமாக மூன்று காலில்தான் நடக்கிறான். செத்த காலையும் சேர்த்துச் சுமக்கிறான், அவ்வளவுதான். இடுப்பிலோ முதுகிலோ பெரிய அடி இருந்தால் பேச்சு வேறு.

அறுவைக்குப் பிறகு பெரும்பாலான நாய்கள் ஓரிரு நாளில் எழுந்து நடக்கும். பாதி உடம்பு மழிக்கப்பட்டு, நீளத் தையலோடு அவனைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். முதல் இரவு ஊளையிட்டால் பயப்பட வேண்டாம், பாதி மயக்க மருந்தின் வேலையாக இருக்கும். தையல் பக்கம் கறுத்து, கீழே மெத்தென்று நீர் கோர்ப்பதும் வழக்கம். சீழ், நாற்றம், தையல் விடுவது, இரண்டு நாளுக்கு மேல் சாப்பிடாமல் கிடப்பது, இவை இருந்தால் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். தையல் பிரிக்க 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை, புண்ணை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டும் கூம்பு கழலக் கூடாது. மஞ்சள், வேப்பெண்ணெய், டர்பன்டைன் எதையும் தடவாதீர்கள். டாக்டர் தந்த வலி மாத்திரையை நேரம் தவறாமல் கொடுங்கள். வீட்டில் கிடக்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரூஃபன் நாய்க்கு விஷம்.

இதற்குப் பிறகு கவலைப்பட வேண்டியது போன காலைப் பற்றி அல்ல, இருக்கிற மூன்றைப் பற்றி. நிற்கும்போது நாயின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் இறங்கும். இனி அதில் பெரும்பகுதி வலது காலுக்கு. வழவழவென்ற டைல்ஸ் தரைதான் அவனுக்கு முதல் எதிரி. ஒரு சறுக்கல் போதும், அந்த ஒற்றைக் காலும் பிசகிவிடும். படுக்கையிலிருந்து தண்ணீர்ச் சட்டி வரை, அங்கிருந்து வாசல் வரை, அடியில் ரப்பர் வைத்த மிதியடிகளைத் தொடர்ச்சியாகப் போடுங்கள். வெறும் சாக்கு வேண்டாம், டைல்ஸில் அதுவே சறுக்கும். நகத்தையும் பாதத்தின் அடியில் விரல்களுக்கு இடையே வளரும் முடியையும் வெட்டிவிடுங்கள். சோற்றுத் தட்டை நெஞ்சு உயரத்துக்கு ஒரு முக்காலியில் வையுங்கள். ஒற்றை முன்னங்காலோடு குனிந்து தின்பது சிரமம். படி ஏறி இறங்கும்போது நெஞ்சுக்கு அடியில் ஒரு துண்டைக் கொடுத்துத் தாங்கிப் பிடியுங்கள்.

எடை ஏறக் கூடாது. இதுதான் கஷ்டம், ஏனென்றால் வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம் பாவம் பார்த்து பிஸ்கட்டும் பரோட்டாவும் போடுவார்கள். சால்னாவில் வெங்காயம் வேறு இருக்கும், அது நாயின் ரத்தத்தையே கெடுக்கும். தடவினால் விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். கன்னி நாய்க்கு இயல்பே அதுதான்.

தையல் பிரித்துப் புண் ஆறிய பிறகு தோட்டத்துக்குக் கூட்டிப் போகலாம். முதலில் பத்து நிமிடம் போதும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். சித்திரை வெயிலில் தார் ரோடு வேண்டவே வேண்டாம், வெந்துபோன பாதத்தைத் தூக்கிக்கொள்ள இன்னொரு முன்னங்கால் இல்லை. கழுத்துப் பட்டைக்குப் பதில் நெஞ்சைச் சுற்றிப் போடும் பட்டை வாங்குங்கள், தையல் இருந்த இடத்தில் உரசாமல் பார்த்து. தெருநாய்கள் துரத்தினால் பழைய மாதிரி சட்டென்று திரும்பி ஓட அவனால் முடியாது. வெளியே போகும்போது கயிற்றை விடாதீர்கள், வெறிநாய்த் தடுப்பூசியையும் வருடம் தவறாமல் போட்டுவிடுங்கள்.