பாட்டிகள் பின்னினால் கிணறு நிற்குமா?

வணக்கம்.

ஆஸ்திரேலியாவின் ‘பின்னல் பாட்டிகள்’ பற்றி நீங்கள் எழுதிய சிறு குறிப்பைப் படித்தேன். எரிவாயு நிறுவனத்தின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மஞ்சளும் கறுப்புமாகக் கம்பளி பின்னுகிறார்கள் என்பது படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் மன்னார்குடிக்காரன். மீத்தேன் திட்டம் வந்தபோது நாங்களும் பறையடித்தோம், பாட்டுக் கட்டினோம். கடைசியில் திட்டத்தை நிறுத்தியது அரசாணைதான். போராட்டத்தில் கலை என்பது ஓர் அலங்காரம், டிவிக்காரர்களுக்கு ஒரு காட்சி என்றே எனக்குத் தோன்றுகிறது. வசதியான நாட்டுப் பாட்டிகளின் பொழுதுபோக்கை நீங்கள் கொஞ்சம் அதிகமாகக் கொண்டாடுகிறீர்களோ?

ஆர்., மன்னார்குடி

அன்புள்ள ஆர்.,

பாதி ஒத்துக்கொள்கிறேன். துளைபோடும் இயந்திரம் கம்பளிக்குப் பயப்படாது. ‘பொழுதுபோக்கு’ என்றீர்களே, அதில்தான் தகராறு.

2012-ல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடகோடியில், லிஸ்மோர் என்ற ஊரில் இது தொடங்கியது. நிலக்கரிப் படுகைக்குள் இருக்கும் மீத்தேனை எடுக்க அந்தப் பக்கத்தில் நிறுவனங்கள் உரிமம் வாங்கியிருந்தன. படுகையில் இருக்கும் தண்ணீரை இறைத்துக் கொட்டினால்தான் அழுத்தம் குறைந்து வாயு மேலே வரும் என்பதை மன்னார்குடிக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மண் விவசாயிக்கு, மண்ணுக்கு அடியில் கிடப்பது அரசுக்கு என்ற சட்டமும் அங்கே அதேதான். கிளேர் டூமி, லிண்டி ஸ்காட் என்ற இரண்டு பெண்கள் எதிர்ப்புக் குழுவில் சேர்ந்தார்கள். வயதான பெண்கள் என்றால் டீ போடத்தான் என்கிற போக்கு அங்கேயும் இருந்தது. அலுத்துப்போய், எரிவாயுக் கிணறு தோண்டும் இடங்களைக் கண்காணிக்கும் வேலையை அவர்களே எடுத்துக்கொண்டார்கள். மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டுமே, அதனால் கையோடு பின்னலையும் கொண்டுபோனார்கள். கலை செய்யப் போகிறோம் என்று யாரும் கிளம்பவில்லை.

அப்புறம் வாரந்தோறும் அந்தத் தொகுதி எம்.எல்.ஏ.வின் அலுவலக வாசலில் போய் உட்கார ஆரம்பித்தார்கள். பதாகை பிடித்து நிற்பவருக்கு ஒரு மணி நேரத்தில் கை வலிக்கும். பின்னுகிறவர் சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பார். கோஷம் போடுகிற கூட்டத்தைக் கண்டால் சாலையின் மறுபக்கத்துக்குப் போய்விடுகிற ஆள்கூட, “என்ன பின்னுகிறீர்கள்?” என்று கேட்டு நிற்பார். பேச்சு சால்வையில் தொடங்கி நிலத்தடி நீரில் போய் முடியும். வாழ்க்கையில் ஒருமுறைகூடக் கோஷம் போடாத பெண்களுக்கும் அங்கே ஒரு நாற்காலி இருந்தது. பின்னத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கோணல்மாணலாக வந்தாலும் அதையும் வாசலில் கட்டிவிடலாம். வெளியூர் ஓவியர் வந்து உங்கள் சுவரில் அழகாக வரைந்துவிட்டுப் போவதைவிட இந்தக் கோணல் பின்னலை நான் மேலாக நினைக்கிறேன். ஓவியர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

நிறத்துக்கும் பின்னணி உண்டு. 2010-ல் தொடங்கிய ‘லாக் தி கேட்’ இயக்கம், நிறுவனங்களுக்கு எதிராகப் பண்ணை வாசல்களை அடைக்கச் சொன்னது. மஞ்சள் முக்கோணப் பலகை அதன் அடையாளம். சாலையில் போகிறவர் கண்ணில் வாசலுக்கு வாசல் அது தட்டுப்படும். யார் யார் எதிர்க்கிறார்கள் என்று தனியாகக் கேட்க வேண்டியதில்லை. இதற்குப் பின்னால் வெயிலில் வீடு வீடாக நடந்து கருத்துக் கேட்ட தொண்டர்களின் உழைப்பு இருக்கிறது. 2012 செப்டம்பரில் லிஸ்மோர் மாநகராட்சி நடத்திய வாக்கெடுப்பில் 87 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அந்த எண்ணிக்கை இல்லாமல் மஞ்சள் வெறும் மஞ்சள்தான். இது உங்கள் தரப்புக்குச் சாதகமான வாதம் என்று எனக்கும் தெரிகிறது.

2014-ல் பக்கத்திலிருந்த பென்ட்லியில் மெட்காஸ்கோ நிறுவனம் கிணறு தோண்ட வந்தது. ஆயிரக்கணக்கானோர் முகாம் போட்டுக் காத்திருந்தார்கள். சுமார் 800 போலீசாரை இறக்கத் திட்டம் என்று பேச்சு. ஆனால் மே 15 அன்று மாநில அரசு அனுமதியை நிறுத்திவைத்தது. ஊர் மக்களிடம் முறையாகக் கலந்துபேசவில்லை என்று காரணம் சொன்னது. மறு ஆண்டு 2.5 கோடி டாலர் கொடுத்து அந்த நிறுவனத்தின் உரிமங்களையே திரும்ப வாங்கிக்கொண்டது. சரி, அங்கேயும் கடைசியில் வந்தது ஆணைதான். ஆனால் ஆணை தானாக வராது. விவசாயிகளையும் பாட்டிகளையும் கேமராவுக்கு முன்னால் இழுத்துப்போட, அடுத்த ஆண்டு தேர்தலை வைத்துக்கொண்டு எந்த அரசு துணியும்? அப்படியும் பக்கத்துப் பாலினா தொகுதியை ஆளுங்கூட்டணி கிரீன்ஸ் கட்சியிடம் பறிகொடுத்தது.

தோல்விகளும் உண்டு. பக்கத்து மாநிலமான குயின்ஸ்லாந்தில் ஆயிரக்கணக்கான கிணறுகள் ஓடுகின்றன. நியூ சவுத் வேல்ஸிலேயே, பில்லிகா காட்டுப் பகுதியில் சாண்டோஸ் எரிவாயு நிறுவனத்தின் திட்டத்துக்கு, 850 கிணறுகள் வரை தோண்ட, 2020-ல் ஒப்புதல் கிடைத்தது. அதே பில்லிகாவில் 2016 ஜனவரியில் மூன்று பாட்டிகள் நிறுவனத்தின் வாசல் கதவோடு தங்களைப் பூட்டிக்கொண்டு கைதானார்கள். பின்னல் போதாது என்று தெரிந்த இடத்தில் சங்கிலியை எடுத்தார்கள். 2022-ல் போராட்டக்காரர்களுக்கு 22,000 டாலர் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை என்று மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதை எதிர்த்து நீதிமன்றம் போன ஹெலன் க்வெல்ட், டோமினிக் ஜேக்கப்ஸ் இருவரும் பின்னல் பாட்டிகளே. 2023 டிசம்பரில் அந்தச் சட்டத்தின் சில பகுதிகள் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. பொழுதுபோக்குக்காக யாரும் அரசுமேல் வழக்குப் போட மாட்டார்கள்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். மீத்தேனுக்கு எதிராக இயற்கை விவசாயி நம்மாழ்வார் ஊர் ஊராக அலைந்து, 2013 டிசம்பரில் அந்தப் பிரச்சாரத்தின் நடுவிலேயே இறந்துபோனார். 2015-ல் தடை வந்தது. 2017-ல் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் (எண்ணெய், எரிவாயு) எடுக்கும் திட்டத்துக்கு எதிராகப் பெண்கள் கும்மியடித்தார்கள், ஒப்பாரி வைத்தார்கள். பத்திரிகைகள் ‘நூதனப் போராட்டம்’ என்று ஒரு படம் போட்டன. மறுநாள் இன்னொரு நூதனம் கேட்டன. நீங்கள் சொல்லும் ‘டிவி காட்சி’ இதுதான் என்றால் உங்களோடு சேர்ந்து நானும் திட்டுகிறேன். தினமும் புதிதாக ஏதாவது செய்து காட்ட வேண்டிய நெருக்கடி ஊரையே களைக்க வைத்துவிடும். லிஸ்மோர் பெண்கள் வாராவாரம் அதே வாசலில் அதே வேலையைத்தான் செய்தார்கள். பார்க்கிறவருக்கு அலுப்பு, ஆனால் அலுவலகத்துக்குள் இருப்பவருக்கு அடுத்த வாரமும் வருவார்கள் என்பது நிச்சயம். நான் கொண்டாடியது இதைத்தான்.

அரசாணையையும் ரொம்ப நம்ப வேண்டாம். காவிரி டெல்டாவுக்காக 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதிய கிணறுகளைத்தான் தடுத்தது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தவற்றைத் தொடவில்லை. உங்களுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும்.

பாட்டுக் கட்டினோம் என்று எழுதியிருந்தீர்களே, அவற்றை யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா? ஒன்றிரண்டு கிடைத்தாலும் அனுப்புங்கள், இங்கேயே வெளியிடுகிறேன். யார் கட்டினார்கள், எந்த மெட்டு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.