கட்டுரையில் ஹைபர்பொலி போட்டால் பேண்ட் ஏறுமா?

கேள்வி: மகள் வெளிநாட்டுப் படிப்புக்குக் கேட்கும் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ் எழுதப் போகிறாள். கோச்சிங் சென்டரில் ‘ஹைபர்போல்’ என்று ஏதோ சொல்லிக்கொடுத்து, கட்டுரையில் பத்திக்கு ஒன்று வைத்தால் 8 பேண்ட் மதிப்பெண் உறுதி என்கிறார்கள். அது என்ன, நம்பலாமா?

பதில்: முதலில், அது ஹைபர்போல் இல்லை. ஹை-பர்-பொ-லி. நாலு அசை, அழுத்தம் ‘பர்’ மேல் விழும். கிரேக்கத்திலிருந்து வந்த சொல், அதனால் கேடாஸ்ட்ரஃபி, அபாஸ்ட்ரஃபி மாதிரி கடைசி எழுத்தும் ஒலிக்கும். ஆஸ்திரேலியாவில் பிரதமராக இருந்த ஜூலியா கில்லார்டே இதைத் தப்பாகச் சொல்லிக் கேலிக்கு ஆளானவர்தான், ஆனால் காசு வாங்கிப் பாடம் எடுப்பவர் தப்பாகச் சொன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பொருள் உங்களுக்குத் தெரிந்ததுதான், பள்ளியில் படித்த உயர்வு நவிற்சி. ‘ஐ ஹேவ் டோல்ட் யூ எ மில்லியன் டைம்ஸ்’ என்று ஒரு அம்மா கத்தினால் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. சொல்பவருக்கும் கேட்பவருக்கும் மிகை என்று தெரியும், அதனால் அது பொய்யில் சேராது.

கட்டுரையில் வேண்டவே வேண்டாம். எழுத்துத் தேர்வின் இரண்டாவது டாஸ்க்கில் 40 நிமிடத்தில் 250 சொல்லாவது எழுதி ஒரு கருத்தை நிறுவச் சொல்கிறார்கள். அங்கே போய் ‘உலகத்தில் எல்லோருமே போனுக்கு அடிமை’ என்று எழுதினால் அதை அணி என்று யாரும் ரசிக்கப் போவதில்லை, ஆதாரமில்லாத பொதுமைப்படுத்தல் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ‘எவ்ரிபடி’யை ‘மெனி பீப்பிள்’ ஆக்கட்டும், ‘ஆல்வேஸ்’ வரும் இடத்தில் ‘ஆஃபன்’ போடட்டும். பாதி வேலை முடிந்தது.

ஒரே விதிவிலக்கு ஸ்பீக்கிங். அது 11 முதல் 14 நிமிடம் நேருக்கு நேர் பேச்சு, பேச்சில் மிகை இயல்பாக வரும். பயணத்தைப் பற்றிக் கேட்டால் ‘த க்யூ வாஸ் எ மைல் லாங்’ என்று சொல்லலாம், தப்பே இல்லை, சிரித்துக்கொண்டே சொன்னால் இன்னும் நல்லது. ஆனால் வாயில் தானாக வர வேண்டும். பட்டியலைப் பார்த்து உருப்போட்டதை ஒப்பித்தால் தேர்வாளர் முதல் வாக்கியத்திலேயே பிடித்துவிடுவார், மனப்பாடம் என்று பட்டால் மதிப்பெண் குறையும். அதே சென்டர்கள்தான் அந்தப் பட்டியலையும் ஜெராக்ஸ் போட்டுத் தனியாக விற்கின்றன.

‘8 பேண்ட் உறுதி’ என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. பேப்பர் முன்கூட்டியே கிடைக்கும், எழுதாமலே சர்டிஃபிகேட் வரும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறவர்களிடம் பேச்சே வைக்காதீர்கள். பல்கலைக்கழகம் மதிப்பெண்ணை ஆன்லைனில் நேரடியாகச் சரிபார்த்துவிடும், கனடா விசாவில் போலி சிக்கினால் ஐந்து வருடம் தடை. போதாததற்கு, ஒழுங்காக எழுதி வாங்கிய மதிப்பெண்ணே இரண்டு வருடத்தில் காலாவதி, இங்கிலீஷ் என்ன பால் பாக்கெட்டா, தேதி போட்டு விற்க? திரும்ப எழுதினால் திரும்பவும் முழுக் கட்டணம்.

சென்டருக்கு முழுப் பணமும் கட்டிவிடவில்லை என்றால் மீதியை நிறுத்திவையுங்கள். மகள் எழுதிய ஒரு கட்டுரையைத் திருத்தித் தரச் சொல்லுங்கள். வரிக்கு வரி திருத்தாமல் கீழே ‘குட்’ என்று மட்டும் போட்டுக் கொடுத்தால் வேறு இடம் பாருங்கள்.