‘நேத்து தென்காசி போயிருந்தேன்’: இங்கிலீஷில் ‘வென்ட்’டா, ‘ஹேட் கான்’னா?

கேள்வி: பாளையங்கோட்டையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். ‘நேத்து தென்காசி போயிருந்தேன்’ என்பதை ‘ஐ ஹேட் கான் டு தென்காசி எஸ்டர்டே’ என்று எழுதினேன். தப்பு என்று அடித்துவிட்டார்கள். போனேன், போயிருக்கேன், போயிருந்தேன் மூன்றுக்கும் இங்கிலீஷில் எதை எங்கே போடுவது?

பதில்:

அடித்தது சரி. அந்த வாக்கியம் ‘ஐ வென்ட் டு தென்காசி எஸ்டர்டே’ என்றுதான் வர வேண்டும். ஆனால் உங்கள் தப்பு கவனக்குறைவால் வந்ததல்ல, நம் பேச்சிலிருந்து வந்தது. தமிழ்க் காலத்துக்கு நேர் இங்கிலீஷ் காலம் என்று ஒரு பட்டியல் போட்டுப் படித்தால் இந்தத் தப்பு போகவே போகாது.

நம் ‘போயிருந்தேன்’ இரண்டு வேலை செய்கிறது. ‘ஏல, நேத்து ஆளையே காணும்?’ என்று கேட்டால் ‘தென்காசி போயிருந்தேன்’ என்கிறோம். போனேன், திரும்பியும் வந்துவிட்டேன் என்பது அதில் அடக்கம். ‘நீ வீட்டுக்கு வந்தப்ப நான் தென்காசி போயிருந்தேன்’ என்பது வேறு. இங்கே இரண்டு சம்பவம் இருக்கிறது. நீ வந்தது ஒன்று, அதற்கு முன்பே நான் கிளம்பிப் போனது இன்னொன்று. இங்கிலீஷ் ‘ஹேட்’ இந்த இரண்டாவது வேலையை மட்டும்தான் செய்யும். முதல் பதிலுக்கு ‘ஐ வாஸ் இன் தென்காசி’ என்பதே அழகான இங்கிலீஷ்.

ஜங்ஷனில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ‘வென் வீ ரீச்ட் த ஸ்டேஷன், நெல்லை எக்ஸ்பிரஸ் ஹேட் லெஃப்ட்.’ நாம் போய்ச் சேரும்போது பிளாட்பாரம் காலி. ‘ஹேட்’டை எடுத்துவிட்டு ‘லெஃப்ட்’ மட்டும் வைத்தால், நாம் நுழையவும் வண்டி கிளம்பவும் சரியாக இருந்தது என்று ஆகிவிடும். ‘வாஸ் லீவிங்’ என்றால் வண்டி நகர்ந்துகொண்டிருக்கிறது, ஓடினால் ஏறிவிடலாம். ஒரே வண்டி, மூன்று கதை. ஆக, ‘ஹேட்’ எழுதும் முன் ஒன்றைக் கேளுங்கள்: எதற்கு முன்பு? பதிலாக ஒரு பழைய சம்பவமோ நேரமோ அந்த வாக்கியத்திலோ அதற்கு முந்தின வாக்கியத்திலோ இருக்க வேண்டும். இல்லையென்றால் ‘ஹேட்’ வேண்டாம். ‘ஆஃப்டர்’, ‘பிஃபோர்’ வந்து எது முதலில் என்று தெளிவாகிவிட்டால் ‘ஹேட்’ இல்லாமல் எழுதினாலும் பிழையில்லை. இருந்தாலும் கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்வியில் பெரும்பாலும் ‘ஹேட்’டைத்தான் எதிர்பார்ப்பார்கள், அங்கே அதையே போடுங்கள்.

அடுத்து ‘போயிருக்கேன்’. ‘போன வருஷம் குற்றாலம் போயிருக்கேன்’ என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். ‘ஐ ஹேவ் பீன் டு குற்றாலம் லாஸ்ட் இயர்’ என்று எழுதக் கூடாது. எஸ்டர்டே, லாஸ்ட் இயர், டூ டேஸ் அகோ, இன் 2019 என்று முடிந்துபோன நேரத்தைக் குறித்துவிட்டால் ‘ஹேவ்’ வெளியே போய்விடும், ‘வென்ட்’ வந்துவிடும். எப்போது என்று சொல்லாமல் போன அனுபவத்தை மட்டும் சொன்னால் ‘ஐ ஹேவ் பீன் டு குற்றாலம்’ சரி. ‘ஹி ஹேஸ் கான் டு குற்றாலம்’ என்றால் ஆள் இன்னும் அருவியில்தான் நிற்கிறான். ‘ஹேஸ் பீன்’ என்றால் குளித்துவிட்டு ஊர் திரும்பிவிட்டான்.

நம்ம நெல்லைச் சீமையில் வாழ்ந்த பாதிரியார் கால்டுவெல்லை வைத்தே மூன்றையும் பார்க்கலாம். 1841-ல் இடையன்குடிக்கு வந்தார்: ‘ஹி கேம் டு இடையன்குடி இன் 1841.’ 1856-ல் அவருடைய ஒப்பிலக்கண நூல் வெளியாகும் முன்பே பத்து வருஷத்துக்கு மேல் அங்கே வேலை பார்த்திருந்தார். இங்கே 1856 என்று ஒரு புள்ளி இருப்பதால் ‘ஹேட் வொர்க்ட்’ பொருந்தும். ‘கால்டுவெல் ஹேஸ் வொர்க்ட் இன் இடையன்குடி’ மட்டும் எழுதவே கூடாது. அவர் 1891-ல் காலமாகிவிட்டார். ‘ஹேஸ்’ போட்டால் இன்றும் இருக்கிறார் என்று தொனிக்கும்.

பலர் கவனிக்காத இடம் பழைய வழக்கம். ‘சின்னப் பிள்ளையில தாமிரபரணியிலதான் குளிப்போம்’ என்கிறோம். நடந்தது இறந்த காலம், வினைச்சொல்லோ எதிர்கால வடிவம். அதை நம்பி ‘வீ வில் பேத்’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘வீ யூஸ்டு டு பேத்’ என்பதே சரி, ‘வீ வுட் பேத்’தும் வரும். ‘அப்ப எங்க வீட்டுல ரெண்டு மாடு இருக்கும்’ என்பது செயல் இல்லை, நிலை. அதற்கு ‘வுட்’ ஒட்டாது, ‘வீ யூஸ்டு டு ஹேவ் டூ கவ்ஸ்’ அல்லது வெறும் ‘வீ ஹேட் டூ கவ்ஸ்’ என்று எழுதலாம். ‘மூணு வருஷம் பாளையங்கோட்டையில படிச்சேன்’ என்று கால அளவு சொல்லிவிட்டால் ‘யூஸ்டு டு’வும் வராது, வெறும் ‘ஸ்டடீட்’ போதும்.

‘எனக்குத் தெரிஞ்சிருந்தது’ என்பதற்கு ‘ஐ வாஸ் நோயிங்’ கிடையாது, ‘ஐ நியூ’.

கடைசியாக ‘இல்லை’. இதில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். தமிழில் ‘வரலை’ என்ற சொல்லுக்குள் காலமே இல்லை. ‘பஸ் வரலை’ என்றால் நேற்றைய பஸ்ஸாகவும் இருக்கலாம், இப்போது காத்திருக்கும் பஸ்ஸாகவும் இருக்கலாம். இங்கிலீஷில் பிரித்தே ஆக வேண்டும். நேற்று வரவே இல்லை என்றால் ‘த பஸ் டிட் நாட் கம்’. புது பஸ் ஸ்டாண்டில் இன்னும் நின்றுகொண்டிருந்தால் ‘த பஸ் ஹேஸ் நாட் கம் யெட்’. முதலாவதில் ‘டிட் நாட் கேம்’ என்று எழுதாதீர்கள். இறந்த காலத்தை ‘டிட்’ ஏற்கெனவே சுமந்துவிட்டது, பின்னால் வரும் வினைச்சொல் ‘கம்’ என்று வெறுமனே நிற்கும். கேள்வியிலும் அதேதான்: ‘டிட் ஹி கம்?’ ஆனால் ‘ஹேஸ் நாட் கம்’மில் இருக்கும் ‘கம்’ அந்த வெறும் ‘கம்’ அல்ல, மூன்றாம் வடிவம். ‘கம், கேம், கம்’ என்று முதலும் மூன்றும் ஒன்றுபோல இருப்பதால் இங்கே குழப்பம் வரும். ‘கோ, வென்ட், கான்’ போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்: டிட் நாட் கோ, ஹேஸ் நாட் கான்.