ஆயில் ஃபில்டரில் காந்தம் ஒட்டினால் இன்ஜினுக்கு நல்லதா?

ஆயில் ஃபில்டர் டப்பாவைச் சுற்றி நாலு காந்தம் ஒட்டிவிட்டால் ஆயில் மாற்றும் இடைவெளியை இரண்டு மடங்காக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். காந்தம் ஒட்டுங்கள், தப்பில்லை. இடைவெளியை மட்டும் கூட்டாதீர்கள். டீசல் இன்ஜினில் ஆயிலைக் கெடுப்பது பெரும்பாலும் கரிப்புகையும், சூடும், ஆயிலில் கலந்திருக்கிற மருந்துச் சரக்கு (அடிட்டிவ்) தீர்ந்துபோவதும்தான். இதில் எதையும் காந்தத்தால் பிடிக்க முடியாது.

நான் காவேரிப்பட்டணம் பக்கம் பட்டறை வைத்து டிராக்டர், டிப்பர் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் அரூர் பக்கம். சின்ன வயதில் மழை விட்டதும் பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை ஓடை மணலில் இழுத்துக்கொண்டு திரிவோம். தீர்த்தமலையில் காந்த இரும்புத்தாது இருக்கிற சீமை அது. கருப்பு மணல் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். பக்கத்திலேயே கிடக்கிற வெள்ளை மணல் ஒரு பொடிகூட ஒட்டாது.

இன்ஜினுக்குள்ளும் இதேதான். லைனர் (பிஸ்டன் ஏறி இறங்குகிற குழல்), பிஸ்டன் ரிங், கேம், கிராங்க், பல்சக்கரம் எல்லாம் இரும்பு அல்லது எஃகு. அவை தேய்ந்தால் தூள் காந்தத்தில் ஒட்டும். பிஸ்டன் அலுமினியம். கிராங்கைத் தாங்குகிற ஷெல் பேரிங்கின் உள்பூச்சு செம்பு, ஈயம், தகரம், அலுமினியம் என்று கலவையாக இருக்கும். அவை தேய்ந்தால் காந்தத்துக்குத் தெரியவே தெரியாது.

இதை நான் ஒரு டிராக்டரில் பாடமாகக் கற்றேன். மாங்காய் சீசன் நேரம், கூழ் ஃபேக்டரிக்கு லோடு அடித்துக்கொண்டிருந்த வண்டி. ஆயில் சர்வீஸுக்கு வந்தது. ஆயிலை இறக்குகிற, காந்தம் வைத்த டிரெயின் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தேன், துடைத்து வைத்த மாதிரி சுத்தம். “இன்ஜின் நல்லா இருக்கு, தைரியமா ஓட்டு தம்பி” என்று அனுப்பிவிட்டேன். மூன்றாவது வாரம் பேரிங் உருகிக் கிராங்க் பிடித்துக்கொண்டது. இறக்கிய ஆயிலை வெயிலில் சாய்த்துப் பார்த்திருந்தால் தங்கப்பொடி மாதிரி மினுமினுப்பு தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. “அண்ணே, நல்லா இருக்குன்னு சொன்னீங்களே” என்று அந்தப் பையன் கேட்டது இன்றைக்கும் உறுத்துகிறது. சீசன் வருமானம் முழுக்க அவன் கையைவிட்டுப் போயிற்று.

அதற்குப் பிறகு காந்தத்தை நான் பயன்படுத்துகிற விதமே மாறிவிட்டது. போல்ட்டில் ஒட்டியிருப்பதை வெள்ளைத் துணியில் துடைத்து விரலில் தேய்த்துப் பார்ப்பேன். கண்மை போல வழவழப்பாக இருந்தால் சாதாரணத் தேய்மானம். விரலில் குத்துகிற சிலும்பு வந்தால் வண்டியை வெளியே விடமாட்டேன். அப்புறம் பழைய ஃபில்டரை வெட்டித் திறப்பேன். ஆக்ஸா பிளேடு போட்டு அறுக்காதீர்கள், அறுக்கிற இரும்புத்தூளே உள்ளே விழுந்து கணக்கைக் குழப்பிவிடும். தகடு வெட்டுகிற கத்தரி போதும். உள்ளே இருக்கிற காகித மடிப்பை விரித்து வெயிலில் பிடியுங்கள். காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு அந்த மடிப்பின்மேல் ஓட்டுங்கள். ஒட்டுவது இரும்பு. ஒட்டாமல் வெள்ளியாய் மின்னினால் பெரும்பாலும் அலுமினியம். மஞ்சளாகவோ செம்பு நிறமாகவோ இருந்தால் பேரிங், புஷ் பக்கம் சந்தேகப்படுங்கள். காந்தத்தின் முழு மதிப்பு எனக்கு இந்த இடத்தில்தான் தெரிகிறது.

நம் ஊருக்கு என்று ஒரு விஷயம் இருக்கிறது. பர்கூர், கிருஷ்ணகிரி சுற்றுவட்டத்தில் கிரானைட் குவாரிக்குள் ஓடுகிற வண்டிகள் தின்பது கல்தூள். அதில் இருக்கிற குவார்ட்ஸ் இரும்பைவிடக் கடினம். ஏர் கிளீனர் குழாயில் மயிரிழை விரிசல் இருந்தால் போதும், அந்தத் தூள் உள்ளே போய் லைனரையும் ரிங்கையும் உப்புக்காகிதம் மாதிரி தேய்க்கும். காந்தத்தில் அன்றைக்கு நிறைய இரும்பு சேரும்தான். ஆனால் ஒட்டியிருப்பது உங்கள் லைனர். தேய்த்த கல்தூள் ஆயிலோடு இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கும். காந்தத்துக்குச் செலவழிக்க நினைக்கிற காசில் முதலில் ஏர் ஃபில்டரையும் குழாய் கிளாம்ப்பையும் மாற்றுங்கள்.

கியர் பாக்ஸ், பின் அச்சு ஹவுசிங் இரண்டுக்கும் கதை வேறு. பல வண்டிகளில் அங்கே ஃபில்டரே இருக்காது, உள்ளே சுற்றுவதெல்லாம் எஃகுப் பல். அங்கே காந்த போல்ட் கட்டாயம் வேண்டும் என்பேன். கம்பெனியிலேயே வைத்து அனுப்புகிற வண்டிகளும் நிறைய. 100 சிசி பைக்குகளிலும் அப்படித்தான்: இன்ஜின், கிளட்ச், கியர் எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில், பல மாடல்களில் காகித ஃபில்டர் கிடையாது.

வாங்கும்போது ஒன்று பாருங்கள். சின்னதாய்ப் பளபளவென்று வருகிற நியோடிமியம் காந்தத்தில் சாதாரண ரகம் 80 டிகிரி வரைக்கும்தான் தாங்கும். ஓடுகிற இன்ஜினில் ஆயில் 90, 100 டிகிரியை எளிதாகத் தொடும். லோடோடு தொப்பூர் கணவாய் ஏறினால் இன்னும் கூடும். சூட்டில் காந்த சக்தி குறைந்துபோனால், சூடு ஆறிய பிறகும் முழுதாகத் திரும்பாது. 150 டிகிரி தாங்குகிற ரகமா என்று கேட்டு வாங்குங்கள், அல்லது பழைய ஸ்பீக்கரின் கருப்பு ஃபெரைட் காந்தமே போதும், அது சூடு தாங்கும். காந்தத்தைத் தனியாக, இன்ஜின் அடியில் ஆயில் தேங்குகிற சம்ப்புக்குள் போடவே போடாதீர்கள், உடைந்தால் துண்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. ஃபில்டர் மேல் ஒட்டியதை இடையில் எடுத்துப் பார்க்கவும் வேண்டாம், பிடித்து வைத்ததெல்லாம் மறுபடி கலந்துவிடும். ஃபில்டரைக் கழற்றிக் கீழே வைத்த பிறகு எடுங்கள்.

உங்கள் வண்டி எது என்று நீங்கள் எழுதவில்லை. டிராக்டர் என்றால் அடுத்த சர்வீஸில் கியர் பாக்ஸ் போல்ட்டை முதலில் கழற்றிப் பாருங்கள், இன்ஜினை அப்புறம் பார்க்கலாம்.